வெண்காடன் எடுத்த தண்ணீர்க் குத்தகை

எந்த நாடு, எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னே ஒரு காலம், அதில் ஒரு ராஜா. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ராஜாவின் பெயர் இளவழுதி. நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் காது கேட்காது.

அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்திருந்தது. "நான் வருகிறேன்" என்று மாமனார் ஓலை அனுப்பியிருந்தார். ஓலை வருவதற்குள் மாமனாரே வந்து சேர்ந்துவிட்டார். வரவேற்க ஆளில்லாமல் கோட்டை வாசலில் வெயிலில் காய்ந்தார். விசாரித்தால், ஓலைக்காரன் முடுகன் வழியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன், மறுவீட்டு விருந்தையும் முடித்துக்கொண்டுதான் எழுந்தானாம்.

"அரண்மனை ஓலைக்காரர்களே இனி வேண்டாம்!" என்று ராஜா சபையில் கத்தினார்.

இதற்காகவே காத்திருந்தவர் போல அமைச்சர் பூதிமாறர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு குதிரை வணிகன் கைகட்டி நின்றான். "மன்னா! ஓலைத் தொழிலை இவரிடம் குத்தகைக்கு விட்டுவிடலாம். எல்லாம் காற்றாய்ப் பறக்கும் குதிரைகள். தங்களுக்கு ஒரு தலைவலியும் இல்லை" என்றார். ஒப்பந்தத்தைப் படித்தும் காட்டினார்: "ஓலை நிறையச் சேரும் இடங்களுக்கு ஆள் போவான். ஒன்றிரண்டு ஓலை மட்டுமே உள்ள இடத்தார் தாங்களே இறங்கிவந்து பெற்றுக்கொள்ள வேண்டும்."

சபை முழுக்கத் தலையாட்டியது. விகடகவி வெண்காடன் மட்டும் தலையாட்டவில்லை.

அவனுடைய அக்கா சோலைச்சி ஏழு வீட்டுக் குன்றின் உச்சியில் இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இப்போது முழங்கால் பிடித்துக்கொண்டு வாசற்படி தாண்டுவதே பெரும்பாடு. எழுத்தும் தெரியாது. மாதம் ஒரு முறை முடுகன் மலையேறிப் போய்த் தம்பியின் ஓலையைப் படித்துக் காட்டுவான். அவள் சொல்லச் சொல்ல அங்கேயே உட்கார்ந்து பதிலும் எழுதுவான். அந்த ஓலை வரும் நாளில் வெண்காடன் யாரையும் கேலி செய்யமாட்டான்.

"மன்னா, ஏழு வீட்டுக் குன்றுக்கு யார் போவார்கள்?" என்று அவன் கேட்டான்.

பூதிமாறர் சிரித்தார். ராஜா தன்னைவிட இவன் பேச்சை அதிகம் ரசிக்கிறார் என்ற எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு. "அங்கே உன் அக்கா இருக்கிறாள். அதுதானே உன் கவலை?"

"ஆமாம் அமைச்சரே, என் அக்காதான். மற்ற ஆறு வீடுகளிலும் வேறு யாருடைய அக்காவோ இருக்கிறாள்."

"குறை சொல்ல யாராலும் முடியும் மன்னா. இவன் நடத்திக் காட்டட்டும். அரண்மனையில் ஏதாவது ஒரு வேலையை, இதே ஒப்பந்தத்தில், ஒரு வாரம் நடத்தட்டும். நிபந்தனையை மீறினால் சபையைவிட்டே போய்விட வேண்டும்" என்றார் பூதிமாறர். வெண்காடன் இளகிய மனசுக்காரன், எவருக்காவது இரக்கப்பட்டு மீறிவிடுவான் என்பது அவர் கணக்கு.

"அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறேன்" என்றான் வெண்காடன். கோபத்திலிருந்த ராஜா சரி என்று முத்திரை வைத்துவிட்டார்.

வெளியே முடுகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "எல்லாம் என்னாலதாண்ணே. மறுவீட்டுப் பாயசம் அப்படி இருந்துச்சு."

"தப்பு உம்மேலதாண்டா. ஓலையைக் குடுத்துட்டுப் போய் உக்காந்தா பந்தி என்ன ஓடியா போகும்?"

"அக்கா கேட்டா என்னண்ணே சொல்றது?"

"எனக்கே தெரியலடா" என்றான் வெண்காடன். அது நிஜம்தான்.

வேலை ஆரம்பமானது. ஒப்பந்தத்தில் ஓலை என்றிருந்த இடத்திலெல்லாம் தண்ணீர் என்று எழுதிக் கிணற்றடியில் மாட்டினான். சமையற்கட்டில் பாத்திரம் அதிகம். அங்கே தண்ணீர் போனது. குதிரை லாயத்திலும் தொட்டிகள் அதிகம், அங்கேயும் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. பூதிமாறர் மட்டும் தூண் மறைவில் நின்று நாள் முழுக்க நோட்டம் பார்த்தார்.

சனிக்கிழமை வந்தது. ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். மூன்றாம் மாடியில் உச்சிமுதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, தலையில் சீயக்காயையும் அப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி கையை நீட்டினார். "வெந்நீர்!"

வெந்நீர் வரவில்லை. பணியாள் கீழே ஓடினான்.

வெண்காடன் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்திருந்தான். "மேலே எத்தனை பேர் குளிக்கிறார்கள்?"

"ராஜா ஒருத்தர்தாங்க."

"எத்தனை அண்டா?"

"ஒண்ணுதாங்க."

"ஒன்றிரண்டு உள்ள இடத்தார் தாங்களே இறங்கிவந்து பெற்றுக்கொள்ள வேண்டும். முத்திரை யாருடையது என்று நீயே பார்."

கொஞ்ச நேரத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு, பணியாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், படிப்படியாக வழுக்கிக்கொண்டு இறங்கிவந்தார் இளவழுதி. பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு நாள் போதாது.

"வெண்காடா! உன்னை..."

"வரவேண்டும் மன்னா. வெந்நீர் தயாராக இருக்கிறது. மொண்டு எடுத்துக்கொள்ளலாம்."

ராஜா செம்பைத் தேடிக் காற்றில் துழாவினார். சீயக்காய் கண்ணுக்குள் இறங்கியது. "அம்மா!" என்று குழந்தைபோல அலறினார். அந்தக் குரலைக் கேட்டதும் வெண்காடனுக்கு மனம் தாங்கவில்லை. ஓடிவந்து அண்டாவில் செம்பை முக்கி, நிதானமாக, இதமான சூட்டில், தன் கையாலேயே அவர் தலையில் ஊற்றினான்.

"மீறிவிட்டான்!" பூதிமாறர் தூண் மறைவிலிருந்து குதித்தார். "ஊற்றிவிடுவது ஒப்பந்தத்தில் இல்லை! தாங்களே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது! இப்போதே வெளியேறட்டும் மன்னா!"

"மீறினேன் மன்னா. ஒப்புக்கொள்கிறேன்" என்றான் வெண்காடன். செம்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

ராஜா சிவந்த கண்களைத் திறந்தார். "அமைச்சரே, இவன் மீறாமல் இருந்திருந்தால் நான் கண்ணெரிய நின்றிருக்க வேண்டும், அப்படித்தானே?"

பூதிமாறர் மெல்லத் தூண் பக்கமே பின்வாங்கினார்.

"வெண்காடா, உன் அக்கா எத்தனை படி இறங்க வேண்டும்?"

"படி இல்லை மன்னா. பாறைதான். அரைநாள் வழி. அவளுக்கு முழங்காலும் மடங்காது."

ராஜா துண்டைப் பிழிந்தபடியே தீர்ப்புச் சொன்னார். வெண்காடன் சபையைவிட்டுப் போக வேண்டாம். ஓலைக்காரர்கள் அரண்மனை ஆட்களாகவே இருப்பார்கள். எந்தக் குன்றானாலும் ஏறுவார்கள். வணிகன் வேண்டுமானால் பெருவழியில் குதிரை ஓட்டட்டும். அவசரக்காரர்கள் அவனிடம் போகட்டும். முடுகன் ஓலையைச் சேர்த்த பிறகுதான் எந்தப் பந்தியிலும் உட்காரலாம். "பூதிமாறரே, அடுத்த சனிக்கிழமை எனக்கு வெந்நீர் சுமப்பது நீங்கள்தான். மூன்று மாடிதான், பாறை ஒன்றும் இல்லை."

முதல் வேலையாகச் சோலைச்சிக்கே ஓர் ஓலை சொன்னார் ராஜா. தம்பி செய்த கூத்தை ஒன்று விடாமல் எழுதச் சொன்னார். முடுகன் எங்கும் உட்காராமல் குன்றேறிப் போய், ஐந்தாம் நாள் பதிலோடு சபைக்கு வந்து படித்தான்.

"ராஜாவுக்கு சோலைச்சி சொல்லி எழுதுனது. எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னைக்கு ஈரத் தலையோட கிணத்தடியில நின்னு தீர்ப்பு சொல்லலாமா? சளி பிடிச்சா யாரு பாக்குறது? மிளகு ரசம் வெச்சுக் குடிங்க. பகல்ல தூங்காதீங்க. என் தம்பியை ரெண்டு அடி போடுங்க, ஆனா பட்டினி போட்டுறாதீங்க."

இளவழுதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். முடுகன் கும்பிட்டுவிட்டு விடைபெறத் திரும்பினான்.

"எங்கே போகிறாய்? உட்கார்" என்றார் ராஜா, தும்மிக்கொண்டே. "அக்காவுக்குப் பதில் எழுத வேண்டும்."