விலாசத்துக்கு ஒரு காவல்

ஒரு மருத்துவமனைக் கணினிக்குள் நோயாளிகளின் தகவல்கள் எல்லாம் குடியிருந்தன. வாசலில் அனுமதி என்றொரு காவல்காரன். ஆனால் அங்கே டாக்டர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் டாக்டரின் கடவுச்சொல்லையே சொல்லி உள்ளே போவார்கள். அது துண்டுத் தாளில் கணினியின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது. பாவம், காவல்காரனுக்குக் கும்பிடு போடுவதுதான் வேலை.

ஒருநாள் காலை டாக்டர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். இனி ஆளுக்கொரு கடவுச்சொல். அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டுமே கண்ணில் படும். காவல்காரனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வரவேற்பு மேசை ஜெயசீலிக்குத்தான் முகம் சுருங்கியது. "இத்தன வருசமா இருக்கேன், என்னைய நம்பலையா?" என்று முணுமுணுத்தார்.

கணினிக்குள்ளே, புஷ்பகலா என்ற நோயாளியின் விலாசம் பயந்து பயந்து வாழ்ந்துகொண்டிருந்தது. அடி தாங்காமல் புருஷனை விட்டு ஓடிவந்தவள் புஷ்பகலா. அவள் புது வீடு அவனுக்குத் தெரியக்கூடாது.

அன்றைக்கே அவன் வந்து நின்றான், கையில் ஆப்பிள் பையோடு.

"அக்கா, புஷ்பகலா என் சம்சாரம். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. அவங்கம்மாவுக்கு ரொம்ப முடியல. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க." கண்ணில் நீர் வேறு.

ஜெயசீலிக்கு மனசு இளகிவிட்டது. விசைகளைத் தட்டினார்.

"ஐயோ, பொய். அவள் அம்மா என்றோ செத்துப்போய்விட்டாள்" என்று பதறியது விலாசம். "என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே."

"யாரது?" என்றான் காவல்காரன்.

"ஜெயசீலி, வரவேற்பு மேசை" என்றது புதிய கடவுச்சொல்.

"பெயரும் டோக்கன் எண்ணும் தரலாம். அவ்வளவுதான்."

"பழைய ஆள்தானே, விடப்பா" என்றது கடவுச்சொல்.

"பழைய ஆள்தான். ஆனால் அவர் வேலைக்கு விலாசம் எதற்கு?"

ஜெயசீலி மறுபடி தட்டினார். காவல்காரன் அசையவில்லை. புருஷன்காரன் எட்டித் திரையைப் பார்த்தான். விலாசம் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"எனக்கே காட்ட மாட்டேங்குது தம்பி."

அது நிஜம் என்று அவனுக்கே தெரிந்தது. அழுகை சட்டென்று நின்றது. நாற்காலியை ஓர் உதை உதைத்துவிட்டு, ஆப்பிளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான். ஜெயசீலி எழுந்துவந்து நாற்காலியை நேராக வைத்தார்.

விலாசம் துள்ளிக் குதித்தது. ஆனாலும் அதற்கு ஒரு சந்தேகம். "ஜெயசீலி தங்கமான மனுஷியாயிற்றே. அவரையா நீ நம்பவில்லை?"

"தங்கம்தான்" என்றான் காவல்காரன். "யார் அழுதாலும் அவருக்கு இல்லையென்று சொல்ல வராது. அவருக்காக நான் சொன்னேன்."