நடுக்கம் நின்ற காலை

"அம்மா, இன்னைக்குக் காலைல நீங்க நடுங்கினீங்க. நான் பார்த்தேன்."

சடையப்பன் குற்றம் சாட்டுகிற மாதிரிதான் பேசினார். பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் டிக்கெட் எடுக்காமல்தான் ஏறியிருப்பார்கள் என்று நம்பியே வாழ்ந்தவர்.

சீராளம்மை அந்த மலை மடத்தின் குரு. சடையப்பனைவிட வயதில் சின்னவர்.

"ஆமா. குளிர்ந்துச்சு," என்றார்.

"சித்திரைல வேர்த்து ஊத்துச்சு. விசிறிக்கிட்டீங்க."

"புழுங்குச்சு."

"விரதம் முடிஞ்சதும் சொம்பு சொம்பா தண்ணி குடிச்சீங்க. குளிர் வந்தா அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்க. அதையும் கவனிச்சேன்."

சமையல்கட்டிலிருந்து மடத்துச் சமையல்காரி இருளாயி சிரித்தாள். "அங்கயும் செக்கிங் போட்டாச்சா, அய்யா?"

அவர் சிரிக்கவில்லை.

"உள்ளுக்குள்ள எப்பவும் ஒரே நிலைல இருக்கேன்னு சொல்றீங்க. உங்க உடம்பு ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. இதை நம்பித்தான் வீட்டை விட்டு வந்தேன். ஏமாந்துதான் போவேன்னு என் மகன் சொன்னான். அவன் சொன்னது சரின்னா இப்பவே சொல்லிடுங்க. பால் ஜீப்புல மலை இறங்கிடறேன்."

சீராளம்மை அவர் கையைப் பிடித்து முற்றத்துப் பாறைமேல் வைத்தார். உச்சி வெயிலில் பாறை சுட்டது. சடையப்பன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"விடிகாலைல இதையே தொட்டுப் பாருங்க. ஐஸா இருக்கும். ஆனா இது வேர்க்கிறதும் இல்ல, நடுங்குறதும் இல்ல."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

மழுப்புகிறார் என்று சடையப்பனுக்குத் தோன்றியது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் வேறு எதையாவது காட்டுவார்கள்.

ஆனால் பாறை மனசில் ஒட்டிக்கொண்டது. வேர்க்காது, நடுங்காது. அதுதானே நிலை? அம்மையால் முடியாததைத் தான் செய்து காட்டிவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

மார்கழியில் விடியும் முன் சுனையில் முங்கிவிட்டு, துவட்டி, கம்பளி போர்த்தித் தியானத்தில் உட்காருவது மடத்து வழக்கம். மறுநாள் சடையப்பன் முங்கினார். துவட்டவில்லை. கம்பளியைத் தொடவில்லை. ஈர வேட்டியோடு போய்ப் பாறைமேல் உட்கார்ந்தார். முந்தின ராத்திரி சாப்பிடவும் இல்லை.

உடம்பு உதறியது. பல் அடித்துக்கொண்டது. அடக்கினார். மறுபடி உதறியது. புல்லெல்லாம் உறைபனி. மூடுபனியில் சூரியனே காணோம். எழுந்து போகச் சொல்லி உடம்பு கெஞ்சியது. போகவில்லை.

பிறகு நடுக்கம் நின்றது.

இதமாகக்கூட இருந்தது.

ஆளைக் காணோமே என்று சீராளம்மை தேடி வந்தார்.

"பாருங்க..." சடையப்பனுக்கு நாக்கு குழறியது. "நின்னு... நின்னுடுச்சு."

அம்மையின் முகம் மாறியது. அதையும் கவனித்தார். பொறாமை.

அம்மை குனிந்து அவர் கண்ணை உற்றுப் பார்த்தார். "நீங்க யாரு?"

புல்லரிக்க வேண்டிய இடம். உடம்பு அதைக்கூடச் செய்யவில்லை. குரு கேட்கிற பெரிய கேள்வி! பதில் தேடினார். உள்ளே எதுவும் இல்லை. எதுவும் இல்லாததுதானே பதில்? மெல்லச் சிரித்தார்.

"பேரைச் சொல்லுங்கய்யா! உங்க பேரு என்ன?" அம்மை கத்தினார்.

பேரும் வரவில்லை.

"இருளாயி! ஓடி வா! இருக்கிற கம்பளியெல்லாம் எடு!"

இரண்டு பேரும் அவரை அலுங்காமல் தூக்கி அடுப்படியில் கிடத்தினார்கள். ஈர வேட்டியை உருவிப் போட்டுக் கம்பளியால் சுற்றினார்கள்.

"கைகாலைத் தேய்ச்சு விடட்டுமா?"

"வேணாம். நெஞ்சோட கட்டிப் பிடி."

ஆளுக்கொரு பக்கம் அணைத்துக்கொண்டு கிடந்தார்கள். இருளாயிக்கு அழுகை வந்தது. "பொணத்தைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கும்மா."

"வாயை மூடு. பிடி."

அம்மை அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடுங்குய்யா," என்றார். "நடுங்கித் தொலைய்யா."

ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை.

தாடை ஒரு தடவை துடித்தது. அப்புறம் பல் அடித்துக்கொண்டது. அப்புறம் கம்பளியோடு சேர்ந்து ஆளே குலுங்கினார்.

நினைவு வந்ததும் சடையப்பன் அழுதார். "போச்சே! கைக்கு வந்தது போச்சே! மறுபடியும் நடுங்குதே!"

"இந்த மனுசனை என்ன செய்யறது?" இருளாயி மூக்கைச் சிந்திக்கொண்டே கருப்பட்டிக் காப்பி போடப் போனாள்.

சீராளம்மை நகர்ந்து மண்டியிட்டார். கண்ணில் நீர் வடிய, இரண்டு கையையும் கூப்பினார்.

இது என்ன புது நாடகம்? சடையப்பன் கஷ்டப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் சாமி படம் எதுவும் இல்லை. கரி படிந்த சுவர்தான்.

"யா... யாரைக் கும்பிடுறீங்க?"

"பேசாதீங்க," என்றார் அம்மை, நடுங்கும் அவர் தாடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை வேலை செய்ய விடுங்க."