ஜமீன்தார் கன்னத்து மச்சம்

குமிழங்குளம் ஜமீன் சித்திரக்காரர் அழகியநம்பிக்கு, நூல்கள் அழுக்காறு என்று சொல்லும் நோய் பிடித்தது. ஜமீன்தார் தம் உருவத்தை அவரிடம் வரையச் சொல்லாமல், செவ்வந்தி என்ற நெசவுக்காரியிடம் திரைச்சீலையாக நெய்யச் சொல்லியிருந்தார். முடியும்வரை தறிக்கூடத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்றும் உத்தரவு.

திரையை விரிக்கும் நாளில் அழகியநம்பி முந்திக்கொண்டார்.

"எஜமான், மச்சம் கன்னம் மாறியிருக்கும், பாருங்கள். பிழை இருந்தால் இவள் இனித் தறியைத் தொடக் கூடாது."

"சரி" என்றார் ஜமீன்தார்.

"வேறென்ன பிழை, சாமி?" என்று செவ்வந்தி பணிவாகக் கேட்டாள்.

அழகியநம்பிக்கு ருசி ஏறிவிட்டது. "வாள் இடக்கையில் இருக்கும். மோதிரம் வலக்கையில் இருக்கும். வகிடும் மாறியிருக்கும்!"

திரை விரிந்தது. மச்சம், வாள், மோதிரம், வகிடு எல்லாம் உரிய இடத்திலேயே இருந்தன.

செவ்வந்தி ஜமீன்தார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா பொய் சொல்லலை, எஜமான். இந்த நெசவுல நாங்க பின்பக்கம் உட்கார்ந்துதான் நெய்வோம். அங்கே எல்லாம் இடம்வலம் மாறித்தான் தெரியும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர், தறியை ஒரு சுற்றுச் சுத்தியும் வந்திருக்கலாம்."