வயரைப் பிடுங்கிய பிறகும் பச்சை

"டீச்சர், ஒரே வார்த்தையில சொல்லுங்க. இந்த லைப்ரரி நல்லதா, இல்லையா?"

கேட்டவர் தணிகாசலம். தொலைபேசித் துறையில் பழுதான லைன்களைச் சரிசெய்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

வகுப்பு எடுத்தவர் நிலோஃபர். தணிகாசலத்தைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

திருச்சி உறையூரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், தனியாக வாழும் முதியவர்களுக்காக நிலோஃபர் ஒரு சேவை நடத்திவந்தார். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு பொத்தான். காலையில் எழுந்ததும் அமுக்கினால், மாடியில் இருக்கும் திரையில் அவர் பெயர் பச்சையாகும். அமுக்காவிட்டால் சிவப்பு.

சிவப்பானால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள்.

பழைய திரை அடிக்கடி மக்கர் செய்தது. புதியது வேண்டும். பதிவுகள் சேரும் டேட்டாபேஸில் எது மாறினாலும் அந்தக் கணமே காட்ட வேண்டும், அங்கேயே திருத்தவும் விட வேண்டும். அதை முதலிலிருந்து எழுத ஆள் இல்லை. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளில், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை தணிகாசலத்துக்கு.

அவருக்கு ஒன்று பிடித்துப்போயிருந்தது.

"காட்டுங்க," என்றார் நிலோஃபர்.

காட்டினார். பெயர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பச்சை. பார்க்க அழகாக இருந்தது.

நிலோஃபர் எழுந்து, அந்தக் கணினியின் பின்னாலிருந்த நெட் வயரைப் பிடுங்கினார்.

"இப்ப சொல்லுங்க. எல்லாரும் எப்படி இருக்காங்க?"

தணிகாசலம் திரையைப் பார்த்தார்.

"நல்லா இருக்காங்க."

டீச்சர் வயரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

தணிகாசலம் வயரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியது. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து சுவர் ஏறியது. பெயர்கள் பச்சையாகவே நின்றன.

செத்த போன் லைனில் ரிசீவரை எடுத்தால் காதில் ஒன்றும் கேட்காது. அதுவே ஒரு தகவல். இந்தத் திரைக்கு அதுகூடச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை வந்ததும் சொன்னார்.

"இது வேண்டாம் டீச்சர். பொய் சொல்லுது."

"வேற பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஒண்ணு, வயரைப் பிடுங்கினா மொத்தமா வெள்ளையாயிடுது. இன்னொண்ணுல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டும் ஆகாது."

"முதல் லைப்ரரியை எழுதினவர்கிட்ட சொன்னீங்களா?"

"வேற யாரோ இதே குறையை ஏற்கெனவே அங்க எழுதியிருக்காங்க. பதிலே இல்ல. எழுதினது ஒரே ஆள். ரொம்ப நாளா அதைத் தொடவே இல்ல. கைவிட்டுட்டார் போல. இல்லாட்டி ஆளே இல்லையோ என்னவோ."

"எதை வச்சு சொல்றீங்க?"

"அதான், பதில் இல்லையே."

நிலோஃபர் அவருக்குப் பின்னால் இருந்த பழைய திரையைப் பார்த்தார். ஒரு பெயர் சிவப்பாகியிருந்தது.

ஜெபமணி, பீமநகர்.

போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வழக்கமாகப் போய்ப் பார்க்கும் பெண் அன்று விடுப்பு.

"நீங்க போங்க சார்."

தணிகாசலம் ஸ்கூட்டரை எடுத்தார். பாலம் ஏறினார். இப்படி ஒரு கதவைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. தட்டியதும் யாரும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

தட்டினார்.

கதவு உடனே திறந்தது.

முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார் ஜெபமணி. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கொடி பிடித்த கை இன்னும் விறைப்பாகவே இருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்?"

"ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

"போன் எடுக்கலையே?"

"அடிச்சது. கேட்டுது."

"பொத்தான் வேலை செய்யலையா?"

"செய்யுது."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

மேசையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஃபிளாஸ்கிலிருந்து இரண்டிலும் டீ ஊற்றினார் ஜெபமணி. ஒன்றைத் தணிகாசலத்தின் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப ஏன் சார் அமுக்கல?"

"அமுக்கினா யாரும் வரமாட்டீங்களே."

தணிகாசலம் டீயைக் குடித்தார். சர்க்கரை அதிகம்.

பிறகு ஜெபமணி பேசினார். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில், பாதை பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போன வருஷங்களைப் பற்றி. முன்னால் எஞ்சினில் ஆள் இருக்கிறது என்று தெரியும், ஆனால் முகம் தெரியாது என்றார்.

தணிகாசலமும் பேசினார். மனைவியின் பெயரைச் சொன்னார். மங்கையர்க்கரசி. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

கிளம்பும்போது ஜெபமணி வாசல்வரை வந்தார்.

"நாளைக்கு அமுக்கணுமா?"

"அமுக்குங்க. அமுக்கினாலும் வர்றேன்."

தணிகாசலம் மாடிக்குத் திரும்பினார். போன் எடுக்காத ஆள் நலமாகத்தான் இருந்தார். கணினி முன் உட்கார்ந்து, வேண்டாமென்று தள்ளிவைத்த அந்த லைப்ரரியைத் திறந்தார்.

இதுவரை அதன் திரையைத்தான் பார்த்திருந்தார். இப்போது உள்ளே எழுதியிருந்ததைப் படித்தார். மெதுவாக, வரி வரியாக, பல நாட்கள். படிக்கப் படிக்க எழுதியவரின் கை தெரிந்தது. அவசரமாக எழுதிய இடம், அலுத்துப்போய் எழுதிய இடம், சந்தோஷமாக எழுதிய இடம். நடுவில் ஓரிடத்தில், கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக ஒரு வரி:

'இவ்வளவு தூரம் வந்து படிப்பவர் யாராக இருந்தாலும், வணக்கம்.'

தணிகாசலம் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

பழுது சின்னதுதான். டேட்டாபேஸ் தொடர்பு அறுந்ததும் கணினிக்குள்ளேயே ஓர் எச்சரிக்கை சத்தம் போடுகிறது. லைப்ரரி அதைக் கேட்பதே இல்லை. கேட்கும்படி செய்தார்.

நிலோஃபரைக் கூப்பிட்டார். டீச்சர் வந்து வயரைப் பிடுங்கினார்.

எல்லாப் பெயர்களும் சாம்பல் நிறமாயின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாகத் தகவல் வந்த நேரம் வந்து நின்றது.

"எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"தெரியல டீச்சர்."

நிலோஃபர் வயரை மறுபடி செருகினார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. நல்லதா, இல்லையா?"

தணிகாசலம் யோசித்தார்.

"ஒத்தை ஆள் எழுதினது டீச்சர். அவர் இல்லாட்டி நாமதான் பார்த்துக்கணும். பார்த்துக்க முடியும்னா எடுத்துக்கலாம்."

"எடுத்துக்குவோம்."

சரிசெய்ததை எழுதியவருக்கே அனுப்பிவைத்தார் தணிகாசலம். கூடவே ஒரு வரி: 'உங்கள் வணக்கம் வந்து சேர்ந்தது. நலமா?'

பதில் இல்லை.

புதிய திரை ஓடத் தொடங்கியது. தினமும் காலையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. தணிகாசலம் முதலில் அவற்றைப் பார்ப்பார். அடுத்து அந்தப் பதில் இல்லாத பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பிறகு பீமநகர் போய்வருவார்.

மழை தொடங்கிய பிறகு, ஒரு மதியம், பதில் வந்திருந்தது. எந்த ஊரிலிருந்து என்று அதில் இல்லை.

தணிகாசலம் அதை நிலோஃபருக்கு வாய்விட்டுப் படித்தார்.

'நீங்கள் அனுப்பியதைச் சேர்த்துவிட்டேன். இதை யாராவது பயன்படுத்துகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஏதாவது உடைந்தால் மட்டும்தான் எழுதுகிறார்கள். அதனால் வரும் செய்திகளைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். இப்போது என்ன உடைந்திருக்கிறது? சொல்லுங்கள்.'

படித்து முடித்தும் தணிகாசலத்தின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே இருந்தன.

"என்ன பதில் எழுதறது டீச்சர்? இப்ப ஒண்ணும் உடையலையே."

"அதையே எழுதுங்க சார்," என்றார் நிலோஃபர்.