பதினோரு தடவை கவிழ்ந்த படகு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வலம்புரி நாட்டை மகரவழுதி என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் யாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். பெரும்பாலும் கடைசியாக ஓதுகிறவர் படகுத்துறைத் தலைவர் கோளரியார்.

அவர் ஓதி வாங்கிய சட்டம் ஒன்றைக் கேளுங்கள், உங்களுக்கே வயிறு எரியும்: 'அரண்மனைப் பட்டறையில் செய்த பாயைத் தவிர வேறு பாயை யாரும் படகில் கட்டக் கூடாது.' பட்டறைப் பாயோ கப்பலுக்கு ஆனது. சின்ன வள்ளத்தில் அதைக் கட்டினால் வள்ளமே பாய்க்குள் ஒளிந்துகொள்ளும். ஏழைபாழைகள் கை ஓயத் துடுப்புப் போட வேண்டியதுதான்.

அந்தக் கரையில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சுடலையாண்டிக்குத் தோள்மூட்டு நழுவி, துடுப்பைத் தொட முடியாமல் போய்விட்டது. மீன் விற்கும் சந்தையோ விரிகுடாவுக்கு அக்கரையில். இவள் ஒருத்தியாகத் துடுப்புப் போட்டுப் போய்ச் சேருவதற்குள் கூடையில் மீன் நாறிவிடும்.

"காத்து சும்மாதானே அடிக்குது, அதை வேலை வாங்கினா என்ன?" என்று கிளம்பிவிட்டாள்.

புருஷன் வேட்டியைக் கட்டிப் பார்த்தாள், கிழிந்தது. சாக்கைத் தைத்துக் கட்டினாள். நனைந்து கனத்துப் படகையே கவிழ்த்தது. பழைய சேலையை இரட்டையாக மடித்துத் தைத்தாள். சதுரமாக இருந்ததை முக்கோணமாக வெட்டினாள். பாய்மரமாக மூங்கிலை நடுவில் நட்டவள், பிடுங்கி ஒரு முழம் முன்னால் நட்டாள். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது என்று, ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பதினோரு தடவை கவிழ்ந்தாள். பன்னிரண்டாம் தடவை வெயில் ஏறுவதற்குள் அக்கரை சேர்ந்தாள். போனதுகூடப் பெரிதில்லை. எதிர்க்காற்றில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கோணலாக ஓட்டியே திரும்பியும் வந்துவிட்டாள்!

கரையிலிருந்து கோளரியார் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே காவலர்கள் வந்து, சட்டத்தை மீறினாள் என்று வள்ளத்தையும் பாயையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதோடு விட்டாரா மனுஷர்? மூன்றாம் நாள் ஊரெல்லாம் முரசு: "துறைத் தலைவர் கோளரியார் சின்னப் படகுக்குப் புதுப் பாய் கண்டுபிடித்திருக்கிறார்! ராஜா அவருக்குக் 'காற்றை வென்றவர்' என்று பட்டம் தருகிறார்!"

பேராச்சிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொதித்த உலையை இறக்கி வைத்துவிட்டு நேரே சபைக்குப் போனாள். சபை நடுவில் அவளுடைய வள்ளம், விரித்த பாயும் பூமாலையுமாக நின்றது.

"அது என் பாய், மகாராஜா!"

கோளரியார் சிரித்தார். "பைத்தியம் போலிருக்கிறது, அரசே. வெளியே தள்ளச் சொல்லுங்கள்."

"தள்ளட்டும். அதுக்கு முன்னால ஒரு கேள்வி. இதைச் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள எத்தனை தடவை கவிழ்ந்தீங்க ஐயா?"

"நானாவது, கவிழ்வதாவது! மனதில் நினைத்தேன், அப்படியே செய்தேன். முதல் தடவையே ஓடியது."

"நான் பதினோரு தடவை கவிழ்ந்தேன்."

"கேட்டீர்களா அரசே! பதினோரு தடவை கவிழ்ந்தவள் இதைச் செய்தாளாம்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். மந்திரி நன்னாகனார் மட்டும், "அரசே, அந்த அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை" என்றார்.

பேராச்சி பாய்க்குப் பக்கத்தில் போனாள். கீழ் மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிங்கையா, உங்க பாய்தான்னே வச்சுக்குவோம். இந்த ஓட்டை எதுக்குன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. என் மரமண்டைக்கு விளங்கல."

கோளரியார் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தப் பாயின் உயிரே அதில்தான் இருக்கிறது! காற்று அளவு மீறினால் மிச்சக் காற்று இதன் வழியாக வெளியேறும். எந்த இடம், எவ்வளவு அகலம் என்று ஏழு நாள் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு என் கையாலேயே வெட்டினேன்."

"கத்தியாலயா?"

"பொன்பிடி போட்ட கத்தியால்!"

"ஆகா!" என்று ராஜா கைதட்டினான்.

"மகாராஜா, அது எலி கடிச்ச ஓட்டை," என்றாள் பேராச்சி. "மீன் கவிச்சி பட்ட துணி. மடிச்சு வச்சிருந்தேன், கடிச்சிருச்சு. ஒட்டுப் போடுறதுக்குள்ள இவரு தூக்கிட்டுப் போயிட்டாரு. மடிப்போட கடிச்சதால இன்னொரு ஓட்டையும் உண்டு. அந்த மாலையை விலக்கிப் பாருங்க."

நன்னாகனார் எழுந்து வந்து மாலையை விலக்கினார். இருந்தது. பாயை மடிப்புக் கோட்டிலேயே மடித்தார். ஓட்டைமேல் ஓட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "துறைத் தலைவரே, உமது பொன்பிடிக் கத்திக்குப் பல் உண்டோ?" என்று கேட்டார்.

கோளரியார் மாலையை இழுத்து ஓட்டையை மூடப் பார்த்தார். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"சிரிக்காதீங்க மகாராஜா!"

பேராச்சி ராஜாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"திருடினது இவரு. அதுக்கு வழி விட்டது உங்க சட்டம். என் படகுல என் சேலையைக் கட்ட நான் யாரைக் கேக்கணும்? நான் செஞ்சா குத்தம், இவரு செஞ்சேன்னு சொன்னா பட்டமா?"

ராஜா முகம் சிவந்தான். நன்னாகனாரைப் பார்த்தான், அவர் தரையைப் பார்த்தார். கடைசியில், "நீ சொல்வது நியாயம்," என்றான் ராஜா. "சட்டம் இந்த நிமிஷமே போயிற்று. பட்டம் இனி உன்னுடையது. துறைப் பதவியும் இவருக்கு இல்லை. உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

"என் வள்ளம் வேணும். ஊரெல்லாம் முரசடிச்சுப் பொய் சொன்னாங்களே, அதே முரசை இவரே கழுத்துல மாட்டி, போன ஊருக்கெல்லாம் போய் உள்ளதைச் சொல்லணும்."

ராஜா அப்படியே உத்தரவு போட்டான். பாய்க்கென்று நல்ல துணியும் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினான்.

நாலாம் நாள் பேராச்சியின் கரைக்கு வந்து சேர்ந்தார் கோளரியார். வெயிலில் முகம் கறுத்து, தொண்டை கட்டியிருந்தது. முரசைத் தட்டிவிட்டு, "பாயைச் செய்தவள் பேராச்சி. நான் அதைத் திருடினேன்" என்றார்.

பேராச்சி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கடைசி வீட்டுக்குக் கேக்கல, ஐயா. இன்னொரு தடவை சொல்லுங்க."