உண்ணி ஊமையான கதை

பூச்சியும் மிருகமும் மனுஷரோடு வாய் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உண்ணியைப் போலக் குழைந்து பேச ஆளே கிடையாது. புல் நுனியில் உட்கார்ந்து பனித்துளியைக் குடித்துக்கொண்டு, போகிற வருகிற எல்லோரையும் அக்கா, மாமா என்று முறை வைத்துக் கூப்பிடும். இப்போது அது இருக்கிற இருப்புக்கு, நம்பவா முடிகிறது!

காய்ச்சலுக்கு அப்போது கால் கிடையாது. மலையடிக் காட்டில் ஒரு பாறைக்கு அடியில், வெறும் மூச்சும் குரலுமாகக் கிடந்தது. அந்தப் பாறை மழையிலும் சுடும். ஆடு மேய்ப்பவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். காய்ச்சலும் யாரையும் தேடிப் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தது.

அந்த மலையடியில் சடைச்சி என்று ஒருத்தி ஆட்டுப்பட்டி போட்டிருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் மயிலி, ஆட்டுக்குட்டியோடு குட்டியாகத் துள்ளித் திரிகிற வயசு. அவள்தான் சடைச்சிக்கு உசிர்.

பட்டிக்காரர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஆடு குட்டி போட்ட அன்று யார் வந்து சீம்பால் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. நீ யார், எங்கிருந்து வருகிறாய், கூட யார் என்றும் கேட்கக்கூடாது. குடித்தவர் தாமாக அதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பட்டியைத் தாண்ட வேண்டும்.

ஒரு வருஷம் பனியே இறங்கவில்லை. அந்த வறட்சியில் ஒரு சாயங்காலம், சடைச்சியின் கறுப்பு ஆடு குட்டி போட்டிருந்தபோது, பட்டி வாசலை அடைக்கிற படலோரம் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, தாகமா இருக்கு. ஒரு வாய் சீம்பால் கொடுப்பியா?"

குனிந்து பார்த்தால் உண்ணி. எள்ளளவுகூட இருக்காது. சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு எதுல ஊத்திக் கொடுக்கிறது? முழுகிச் செத்துப் போவியே!"

"ஊத்த வேண்டாம்க்கா. ஆட்டுக் காதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு, வர்றதைக் குடிச்சுக்கிறேன்."

"காதுல பால் வருமாடி, பைத்தியமே?"

"வர்றது வரட்டும்."

அப்போதுதான் சடைச்சி அதைக் கவனித்தாள். உண்ணி பேசி முடித்த பிறகும், அதன் வயிற்றுக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் விடுகிற மூச்சு. அவள் முகத்தில் அனல் அடித்தது. கூட யாருடி என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முறை தப்பக்கூடாதே என்று விழுங்கிவிட்டாள். அடிப் பாவி, கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா!

"வயிறு நிறையக் குடிச்சிட்டுப் போ தாயி" என்றாள்.

விடிந்து பார்த்தபோது கறுப்பு ஆடு சுருண்டு கிடந்தது, உடம்பு சுட்டது. அதன் காதுக்குப் பின்னால் உண்ணியைக் காணோம். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே!" என்று முணுமுணுத்தபடி குடிசைக்குள் போனவள், மயிலியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிள்ளை அனலாய்க் கொதித்தாள். முடியை ஒதுக்கினால், காதுக்குப் பின்னால் ஆமணக்குக் கொட்டை பருமனுக்கு உப்பிப்போய் உண்ணி ஒட்டியிருந்தது. கடித்தது பிள்ளைக்குத் தெரியவே இல்லை.

சடைச்சி அதைப் பிய்த்து உள்ளங்கையில் போட்டாள். "யாரைடி சுமந்துட்டு வந்தே?"

"அக்கா, கோவிச்சுக்காதே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"இனிமே என்னத்தைக் கேக்கிறது? குடிச்சவ சொல்லிட்டுப் போகணும். சொல்லாத வாய் உனக்கு எதுக்கு? உன் வம்சத்துக்கே பேச்சு அத்துப் போகட்டும்!" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

சாபம் அந்த நொடியே பலித்தது. உண்ணி முன்னங்கால் இரண்டையும் தூக்கி எதையோ சொல்லப் பார்த்தது. சத்தம் வரவில்லை.

அப்போது பாயில் கிடந்த மயிலி வாய் திறந்தாள். கண் மூடித்தான் இருந்தது. குரல் அவளுடையது இல்லை.

"நல்ல காரியம் பண்ணினே, சடைச்சி. ரத்தம் குடிக்கிற வித்தையை நான் அவளுக்குக் கொடுத்தேன், அவ எனக்குக் காலாக இருந்தா. என்னைச் சுமந்து வந்தவ கூப்பிட்டாத்தான் நான் இறங்க முடியும். கூப்பிடலாம்னுதான் வாயைத் திறந்தா. அந்த வாயை நீயே அடைச்சிட்டியே."

சடைச்சி பதறிப்போனாள். மண் தூற்றிய கையாலேயே உண்ணியை ஏந்திக் கெஞ்சினாள். "பேசுடி என் தங்கமே, ஒரே ஒரு வார்த்தை!" அது கால்களைத் தூக்கித் தூக்கிக் காட்டியது, அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் மயிலியின் உடம்பு சில்லிட்டுவிட்டது. உண்ணி ஊர்ந்து போய்ப் புல்லடியில் முட்டையிட்டது. அந்த முட்டைகளுக்குள்ளும் அதே மூச்சு கேட்டது.

கொசுவாவது காதோரம் பாடிவிட்டுக் கடிக்கிறது. உண்ணி வருவதும் கேட்காது, கடிப்பதும் தெரியாது. இன்றைக்கும் காட்டுப் பக்கம் போனால் பாருங்கள், புல் நுனியில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, உரசிப் போகிற உடம்புக்காகக் காத்து நிற்கும்.

மயிலி போன அன்று சாயங்காலம் மந்தை திரும்பியபோது, சடைச்சி படலருகே நின்று ஒவ்வோர் ஆட்டின் காதுக்குப் பின்னாலும் விரலால் தடவிப் பார்த்து உள்ளே விட்டாள். கடைசி ஆடும் அடைந்த பிறகு, அவள் விரல்கள் இன்னொரு காதைத் தேடிக்கொண்டே இருந்தன. ஆடு மேய்ப்பவர்கள் பட்டி அடைக்கும் முன் காது தடவிப் பார்க்கிற வழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது.