நிலைப்படியில் இரண்டு தட்டு

கரூரில் ஒரு நூலகத்தின் பின்கூடத்தில் புதன்கிழமை காலைகளில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பறை அடிப்பார்கள். பத்துப் பேருக்கும் பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம். புத்தகம் படிக்க வருகிறவர்கள் புதன்கிழமை அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

சொல்லிக்கொடுப்பவள் தேன்மலர், வயது முப்பத்திரண்டு. மாணவர்களில் மூத்தவர் சென்னியப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கேட்டே பழகிய வாய், கேள்விக்குப் பஞ்சமில்லை.

"டீச்சர், இங்க பறை அடிச்சா என் கால் நடக்குது. வீட்டு நிலைப்படிகிட்ட போனா ஒட்டிக்குது. ரெண்டு எடத்துலயும் அதே காலுதானுங்களே, ஏன்?"

தேன்மலர் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள். அவர் தொடர்ந்தார்.

"வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு நிச்சயதார்த்தமுங்க. முன்கூட்டியே நாற்காலில உக்கார வெச்சிடறேங்கறா என் சம்சாரம். நான் எல்லாரு முன்னாடியும் நடந்து வரணும்."

நோய் அவர் முகத்தை இறுக்கியிருந்ததால் அதில் எதுவும் தெரியவில்லை. குரலில் பயம் தெரிந்தது.

"வெளிய போயிட்டு உள்ள வாங்க," என்றாள்.

பறைகள் முழங்கின. அவர் வெளியே போய்த் திரும்பினார். நிலைப்படிக்கு வந்ததும் தேன்மலர் கையை உயர்த்தினாள். எல்லாப் பறையும் நின்றது. சென்னியப்பனும் நின்றார்.

"அடிங்க டீச்சர்."

விழுந்தால் பிடிக்க அவள் அருகில் போய் நின்றாள். அடிக்கச் சொல்லவில்லை.

"அடிக்கச் சொல்லுங்க." கோபம் வந்துவிட்டது.

"நின்ன பஸ்ஸ எப்படிங்க கெளப்புவீங்க?"

"விசில் குடுப்பேன்."

"விசில் இல்லாத அன்னிக்கு?"

யோசித்தார். நடுங்கும் வலது கை மெதுவாகக் கதவுக்குப் போனது. பலகையில் இரண்டு தட்டு.

"போலாம் ரைட்."

வலது கால் உள்ளே வந்தது. பின்னாலேயே இடது காலும் வந்தது. வட்டத்தில் யாரோ அந்த இரண்டு தட்டைப் பறையில் பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"வெள்ளிக்கிழமையும் இப்படி வருமுங்களா?"

"வரலாம். வராமலும் போகலாமுங்க."

அடுத்த புதன்கிழமை அவர் உட்காரும் முன்பே தேன்மலர் கேட்டாள்.

"என்னாச்சுங்க?"

"மொத தடவ தட்டினேன், வரல. எல்லாரும் பாத்தாங்க. வெக்கமாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா லாரி ஓட்டினவராமுங்க. ரெண்டாவது தடவ தட்டினப்ப அவரும் எந்திரிச்சு 'ரைட் ரைட்'னாரு. வந்துட்டேன்."

"நல்லதுங்க."

"வித்தைதான் இப்ப கைக்கு வந்துருச்சே. இனிமே நான் இங்க வரணுமா டீச்சர்?"

தேன்மலர் வாசலைப் பார்த்தாள். அன்றுதான் புதிதாகச் சேர வந்த சரோஜினி என்ற அம்மாள், கணவரின் கையைப் பிடித்தபடி நிலைப்படியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி நிக்குதுங்க, கண்டக்டர் சார்."